கச்சான் காற்றில் ஒரு நுரை விமானம்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு முதன்முதலாக ரிமோட் விமானம் வாங்க நினைப்பவருக்கு ஒரு சொல்: மூக்கில் மோட்டர் உள்ளதைத் தொடாதீர்கள். படத்தில் கண்ணைப் பறிப்பது அதுதான். செஸ்னா, பைப்பர் கப், ஸ்பிற்ஃபயர் என்று அசல் விமானத்தை அப்படியே சிறிதாக்கியது போல இருக்கும். ஆனால் அதன் வயிற்றுக்குக் கீழே மெல்லிய கம்பியில் இரண்டு சக்கரம்; அவை உருள வெட்டிச் சீராக்கிய புல்தரையாவது வேண்டும். நம்மிடம் இருப்பது வாவி, வயல், மணல், இவற்றுக்கு நடுவே தென்னையும் கண்டலும். இங்கே இறங்கும் விமானம் முதலில் மூக்கைத்தான் கொண்டுபோய்க் குத்தும். அந்த மூக்கில் மோட்டர் இருந்தால் இறக்கத்துக்கு ஒரு புரொப்பெல்லர் செலவு. சில நாள் மோட்டரின் தண்டும் சேர்ந்து வளையும்.

முதுகில் மோட்டர் வைத்த விமானம் இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. இந்த வகைக்கு ஒரு வம்சாவளி உண்டு. ஜேர்மனியின் மல்ரிபிளெக்ஸ் நிறுவனம் செய்த ஈசிஸ்டார்தான் மூத்தது. ஏறக்குறைய 1.37 மீற்றர் சிறகு, வாலில் மட்டும் அசையும் தகடுகள். சிறகில் ஏலரன் கிடையாது. றடரைத் திருப்பினால் சிறகின் மேல்நோக்கிய வளைவு மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதைப் பார்த்து ஹொபிகிங் கொண்டுவந்தது பிக்ஸ்லர். அமெரிக்காவின் ஃப்ளைட் டெஸ்ட் காணொளிகளில் வரும் ஜோஷ் பிக்ஸ்லரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ஏலரன் சேர்ந்தது, சிறகு 1.4 மீற்றர் ஆயிற்று; இரண்டாம் பதிப்பில் 1.5 மீற்றர். அதற்குப் பிறகு வந்த நகல்களுக்குக் கணக்கில்லை. நான் பறக்கவிட்டுப் பார்த்தது அப்படி ஒரு பெயரில்லாத நகல். பெட்டியில் ஒரு விமானப் படம், பக்கத்தில் சீன எழுத்து, வேறொன்றும் இல்லை. ஆகவே இங்கே நான் சொல்லும் குறைகளை எந்த நிறுவனத்தின் தலையிலும் கட்டவேண்டாம். வடிவத்துக்கான விமர்சனமாகவே படியுங்கள்.

நுரை என்றதும் ரிவி பெட்டிக்குள் வரும் ரெஜிபோம் என்று நினைப்பார்கள். இது வேறு சாதி. இபிஓ என்பார்கள், விரலால் அழுத்தினால் அமுங்கித் திரும்பி வரும், வளைத்தால் உடையாமல் மடியும். சுப்பர் குளூ பட்டால் ரெஜிபோம் கரைந்து குழியாகும், இது கரையாது. வயலிலே உடைந்த சிறகை அந்த இடத்திலேயே ஒட்டி, ஐந்து நிமிடத்தில் திரும்பப் பறக்கவிடலாம். புதிதாகப் பழகுபவருக்கு இந்த ஒரு குணமே போதும். உடைப்பது நிச்சயம், ஒட்ட முடிவதுதான் முக்கியம்.

என்னிடம் உள்ளதின் சிறகு 1.5 மீற்றர். 11.1 வோல்ற் 2200 மில்லி அம்பியர்-மணி லிப்போ பற்றரியோடு தராசில் வைத்தால் 880 கிராம். அந்தச் சிறகுக்கு இந்த எடை குறைவு, மெதுவாகப் பறக்கும் தகுதி அதிலிருந்துதான் வருகிறது. மணிக்கு 26 கிலோமீற்றர் வேகம் வரை சிறகு தாங்கும். அதற்குக் கீழே போனால் மூக்கைத் தாழ்த்தி, கொஞ்சம் வேகம் பிடித்து, தானே நிமிரும். சடாரென்று ஒரு பக்கம் சாய்ந்து விழும் கெட்ட புத்தி இல்லை. காற்றில்லாத காலையில் அரைவாசித் திரொட்டிலுக்கும் குறைவாக வைத்துச் சுற்றினால் ஒரு பற்றரியில் கால்மணி நேரம் பறக்கலாம். முழுத் திரொட்டிலில் ஐந்து நிமிடம். மோட்டரை நிறுத்திவிட்டால் கிளைடராகிறது. வெயில் ஏறிய மணல்வெளிக்கு மேலே சூடான காற்று எழும்பும் இடத்தில் செம்பருந்து சுற்றும். அது சுற்றும் இடத்துக்கு அருகே போனால் மோட்டரில்லாமலே உயரம் கூடும். அருகே என்றுதான் சொன்னேன். பருந்துக்கு எல்லைத் தகராறு பிடிக்காது, நுரைக்குள் நகம் இறங்கினால் இழப்பு நமக்குத்தான்.

கையால் எறிந்து விடுவதில் ஒரு பயம் இருக்கிறது. புரொப்பெல்லர் கைக்குப் பின்னால் சுற்றுகிறது. சிறகுக்கு முன்னால், மூக்குப் பக்கத்தில் பிடித்து, காற்றை நோக்கி, தரைக்குச் சமாந்தரமாகத் தள்ளவேண்டும். கை விட்ட பிறகுதான் திரொட்டிலை உயர்த்தவேண்டும். வானத்தைப் பார்த்து எறிபவர்கள்தான் பெரும்பாலும் விழுத்துகிறார்கள். ரிமோட்டை ஒருவரிடமும் விமானத்தை இன்னொருவரிடமும் கொடுத்துப் பழகுவது நல்லது.

இனிக் குறைக்கு வருவோம். இந்த வகை விமானம் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை அது. மோட்டர் சிறகுக்கு மேலே தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது, எடையின் மையம் அதற்குக் கீழே. மேலிருந்து தள்ளினால் மூக்குக் குனியும். திரொட்டிலைக் கூட்டும்போது குனிகிறது, குறைக்கும்போது நிமிர்கிறது. பயந்துபோன புதியவர் உயரம் வேண்டி முழுத் திரொட்டில் கொடுப்பார், விமானம் இன்னும் கீழே பார்க்கும். என் நகலில் மோட்டரை நேராகவே வைத்து ஒட்டியிருந்ததால் இந்தக் குணம் கூடுதலாக இருந்தது.

இதற்கு மருந்து இரண்டு வாஷர்தான். மோட்டரைப் பிடித்திருக்கும் ஆணிகளில் கீழ்ப்பக்கத்து ஆணிகளைக் கழற்றி, மோட்டருக்கும் தகட்டுக்கும் நடுவே வாஷரைக் கொடுத்து இறுக்கினால் தண்டின் பின்முனை நான்கைந்து பாகை மேலே பார்க்கும். அப்போது தள்ளும் விசை எடை மையத்துக்குக் கிட்டப் போகிறது. மிச்சம் இருக்கும் குனிவை ரிமோட்டுக்குள்ளேயே சரிசெய்யலாம்: திரொட்டில் கூடும்போது எலிவேற்றர் தானாகக் கொஞ்சம் உயரும்படி கலவை வைக்கும் வசதி ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போன்ற மலிவான ரிமோட்டில்கூட இருக்கிறது. இந்த மாற்றத்துக்குச் செலவு சில ரூபா. இதற்கு முன்னும் பின்னும் பறந்து பார்த்தால் இரண்டு வேறு விமானம் போல இருக்கும். கடையில் விற்கும் எந்த மேம்படுத்தும் பொருளும் இவ்வளவு செய்யாது.

ஆனாலும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது வேறு. பெரிய மோட்டர், நான்கு கல பற்றரி, கூர்மையான புரொப்பெல்லர். இந்த நுரைச் சிறகு அந்த வேகத்துக்குச் செய்ததில்லை. உள்ளே இருக்கும் கரிநார்க் குழாய் சிறகின் முனைவரை போவதும் இல்லை. பாய்ந்து இறங்கும்போது சிறகின் முனை நடுங்கத் தொடங்கும், பிறகு ஏலரன் தனியாகப் பறக்கும். இங்கே வேகத்தால் ஒரு பயனும் இல்லை. நமக்கு வேண்டிய மாற்றங்கள் மூன்று: நீர் புகாமல் இருக்கவேண்டும், தூரத்தில் கண்ணுக்குத் தெரியவேண்டும், காற்றில் நிற்கவேண்டும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் விமானத்தைப் பற்றிப் பேசமுடியாது. மே மாதத்திலிருந்து ஓகஸ்ட் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு ஈரமில்லாமல் வரும் காற்று அது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையைத் தாண்டி வாவிக்கு மேலே வரும்போது சூடாக, விட்டுவிட்டு, முரட்டுத்தனமாக வரும். காலையில் ஒள்ளம் அடங்கியிருக்கும். பிற்பகலில் கடற்காற்று எதிர்ப்பக்கத்தில் இருந்து கிளம்பினால் இரண்டும் மோதும் இடத்தில் விமானம் குலுங்கும். இந்த விமானத்தைக் கச்சானில் முகம் காட்டி மெதுவாகப் பறக்கவிட்டால் ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கும், சில நேரம் பின்னோக்கியும் போகும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் காற்றின் போக்கில் ஒருமுறை தூரப் போய்விட்டால் திரும்பக் கொண்டுவரப் பற்றரி போதாது. ஆகவே கச்சான் காலத்துக்கு ஒரே விதி: எப்போதும் காற்றுக்கு மேற்புறமாகவே பறக்கவேண்டும், உங்கள் முதுகுப் பக்கம் விடக்கூடாது.

எந்தக் கரையில் நிற்பது என்பதையும் காற்றே சொல்கிறது. கச்சான் காலத்தில் கிழக்குக் கரையான எழுவான்கரையில் நில்லுங்கள். மேற்கே பார்த்து, வாவிக்கு மேலே, காற்றை எதிர்த்துப் பறக்கவிடுங்கள். மோட்டர் நின்று நீரில் விழுந்தாலும் காற்றே விமானத்தை உங்கள் காலடிக்கு ஒதுக்கிவிடும். காலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் கண்ணும் கூசாது. வாடை அடிக்கும் மார்கழி, தை மாதங்களில் இதைத் தலைகீழாக்கவேண்டும்: படுவான்கரையில் நின்று கிழக்கே பார்த்து, சூரியன் பின்னால் சாய்ந்த பிறகு பறப்பது. அந்த மாதங்களில் மழையில்லாத பின்னேரம் கிடைப்பதே அரிது என்பது வேறு கதை. மிக நல்ல காலம் மாசி தொடங்கி சித்திரை வரை. காற்று அடங்கியிருக்கும், பெரும்போக வெட்டு முடிந்து வட்டையெல்லாம் வெறும் தாளாகக் கிடக்கும். அந்தத் தாள் நல்ல மெத்தை. விமானத்தின் அடிவயிற்றில் மட்டும் கீறல் விழும். பொதி கட்டும் ஒட்டுநாடாவை இரண்டு வரிசை ஒட்டிவிட்டால் அதுவும் இல்லை.

அடுத்தது நீர். வாவிக்கரையில் பறக்கவிடும் விமானம் என்றாவது ஒருநாள் வாவிக்குள் இறங்கும். இது உப்பும் நன்னீரும் கலந்த நீர். பாலமீன்மடு முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் உள்ளே வரும். பெருமழைக்குப் பின் உப்பு வெகுவாகக் குறையும். மோட்டருக்கு நீரால் உடனே ஆபத்தில்லை, அதன் செப்புக் கம்பிகளுக்கு மேலே பூச்சு இருக்கிறது. கெடுவது உருளைகளும் தண்டும், உப்புத் துருவால். கரைக்கு வந்ததும் ஒரு போத்தல் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவி, நிழலில் காயவைத்து, உருளைக்கு ஒரு துளி எண்ணெய் விட்டால் நெடுநாள் உழைக்கும். ரிசீவரும் மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றும் அப்படியல்ல. மின்பலகைக்கு மேலே நிறமில்லாத நெய்ல் பொலிஷை இரண்டு பூச்சுப் பூசுங்கள், செருகும் ஊசிகளில் மட்டும் படாமல். ரிசீவரை ஒரு பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டுவது பழைய வித்தை, இன்றும் வேலை செய்கிறது. தகடுகளை அசைக்கும் சேர்வோவின் அச்சில் வாஸ்லின் தடவலாம்.

இங்கே ஒரு இழுபறி வரும். உடம்பை முழுதாக அடைத்தால் நீர் புகாது, ஆனால் காற்றும் புகாது. முப்பது பாகைக்கு மேலே வெயில் காயும் ஊரில் வேகக் கட்டுப்படுத்தி உள்ளே கிடந்து வேகும். அளவுக்கு மீறிச் சூடானால் தானே மோட்டரை நிறுத்திவிடும், அதுவும் வாவிக்கு நடுவில். நான் அதை உடம்புக்குள்ளிருந்து எடுத்து, மோட்டர் நிற்கும் தண்டின் பக்கத்தில் வெளியே ஒட்டினேன். நீருக்கு மேலே, காற்றோட்டத்தில் இருக்கிறது. கம்பி போகும் ஓட்டையைச் சிலிக்கனால் அடைத்தேன். பற்றரி அறையின் மூடிக்கு ஓரமெல்லாம் கதவிடுக்கு அடைக்கும் நுரைநாடா. மூடி காந்தத்தில் மட்டும் நிற்கிறது. அதை நம்பாமல் ஒரு ரப்பர் வளையமும் போடவேண்டும். உப்புநீரில் மூழ்கிய லிப்போ பற்றரியைத் திரும்பச் சார்ஜ் செய்யவே கூடாது. விலை பார்த்து ஆசைப்படாதீர்கள், வீட்டுக்குள்ளும் கொண்டுபோகாதீர்கள்.

இந்த அளவோடு நிறுத்தினாலே வாவிக்கரைக்கு விமானம் தயார். ஆனால் வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு நீரிலிருந்தே எழுப்பவேண்டும் என்ற ஆசை வராமல் போகாது. அதற்குத் தெப்பங்கள் வேண்டும். பொதுவிதி எளிது: தெப்பத்தின் நீளம் விமான உடம்பின் முக்கால் பங்குக்குக் குறையக்கூடாது. இரண்டும் சேர்ந்து விமானத்தைப் போல இரண்டு மடங்கு எடையாவது தாங்கவேண்டும். அடியில் ஒரு படி இருக்கவேண்டும், அந்தப் படி எடை மையத்துக்குச் சற்றுப் பின்னால் வரவேண்டும்.

படி எதற்கு என்று கேட்பார்கள். வேகம் கூடும்போது தெப்பம் நீருக்கு மேலே வழுக்க வேண்டும். அடி வழவழப்பாக ஒரே வளைவாக இருந்தால் நீர் அதன் பின்பகுதியைப் பிடித்து உறிஞ்சிக்கொள்ளும், என்ன திரொட்டில் கொடுத்தாலும் விடாது. படி அந்த ஒட்டுதலை முறித்துக் காற்றை உள்ளே விடுகிறது. பெரிய கடல் விமானங்களிலும் இதே படிதான். 1942 ஏப்ரல் 4 அன்று தெற்கே கொக்கலை வாவியிலிருந்து எழும்பி, ஜப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு செய்தி அனுப்பிய விமானி பேர்ச்சலின் கற்றலீனா விமானத்தின் அடியிலும் அது இருந்தது. ஐந்து நாள் கழித்து அதே ஜப்பானியக் கப்பல்களின் விமானங்கள் மட்டக்களப்புக்கு நேரே கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸை மூழ்கடித்தன. அதன் சிதைவு இன்றும் அங்கேதான் கிடக்கிறது, சுழியோடிகள் போய்ப் பார்க்கிறார்கள். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் நம் கரைக்கு வெளியே கிடக்கிறது என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

தெப்பத்தை ரெஜிபோமில்தான் வெட்டினேன், கிடைப்பது அதுதான். எழுபது சென்ரிமீற்றர் நீளம், ஆறு அகலம். சூடான கம்பியால் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளைப் பசை பூசி, ஒட்டுநாடாவால் முழுதாகச் சுற்றினேன். ஒரு கீறல் இருந்தாலும் மணிகளுக்கு நடுவே நீர் ஏறும், பிறகு ஒரு தெப்பம் மற்றதைவிடக் கனக்கும். கால்களுக்குச் சைக்கிள் சக்கரத்துக் கம்பி. எல்லாம் சேர்த்து 160 கிராம். விமானம் 1040 கிராமாகிறது, நிற்கக்கூடிய மிகக் குறைந்த வேகம் இரண்டு கிலோமீற்றர் கூடுகிறது. அதைவிடப் பெரிய விளைவு வேறு: தெப்பம் கீழே காற்றை இழுத்துப் பிடிக்க, மோட்டர் மேலே தள்ள, மூக்குக் குனியும் குணம் இரட்டிப்பாகிறது. முன்னே சொன்ன வாஷர் வேலையைச் செய்யாமல் தெப்பம் கட்டினால் விமானம் நீரில் மூக்கால் உழும். இன்னொன்று, தெப்பத்தின் முன்பாதி காற்றைப் பிடித்து விமானத்தைப் பக்கவாட்டில் அலைக்கழிக்கும். வாலுக்குக் கீழே உள்ளங்கை அளவு ஒரு தகடு ஒட்டினால் அடங்கும்.

நீரில் எழும்புவது பற்றிய என் மதிப்பீடு: அழகு, ஆனால் வாரத்துக்கு ஒருமுறை செய்யும் காரியமில்லை. கண்ணாடி போல அசையாத நீரைவிடச் சின்ன அலை உள்ள நீரே நல்லது. அசையாத நீர் தெப்பத்தை விடாது. பத்துப் பதினைந்து மீற்றரில் எழும்பவேண்டியது இரண்டு மடங்கு ஓடும். இறங்கும்போதும் கண்ணாடி நீர் ஏமாற்றும், மேற்பரப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. மீனவர் நட்ட கம்பு ஒன்று பக்கத்தில் தெரியும்படி, ஆனால் வலையிலிருந்து நன்றாக விலகி இறங்கவேண்டும். நீரில் மெதுவாக ஓட்டும்போது விமானம் உங்கள் சொல்லைக் கேட்காது; காற்றாடி போலக் காற்றின் பக்கமே முகத்தைத் திருப்பும். றடரோடு இணைத்த ஒரு சின்ன அலுமினியத் தகட்டை நீருக்குள் விட்டால் ஓரளவு திரும்பும். தெப்பத்தோடு பறக்கும் நேரமும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

ரேடியோவைப் பற்றியும் ஒன்று. இன்றைய 2.4 கிகாஹேட்ஸ் ரிமோட்டுகள் வந்த பிறகு, பக்கத்தில் இன்னொருவர் அதே அலைவரிசையில் ரிமோட்டைப் போட்டதால் விமானம் விழுந்த காலம் முடிந்தது. ஆனால் இந்த அலைக்கு நீர் எதிரி. வானத்தில் அரைக் கிலோமீற்றருக்கு அப்பாலும் கேட்கும் ரிசீவர், நீரில் மிதக்கும்போது நூறு மீற்றரிலேயே தடுமாறும். ஏரியல் கம்பியை உடம்பின் அடியில் விடாமல் மேலே, செங்குத்தாக நிறுத்துங்கள். தொடர்பு அறுந்தால் மோட்டர் நிற்கவேண்டும் என்ற ஏற்பாட்டை நீங்களே ரிமோட்டில் பதிந்து, வீட்டிலேயே ரிமோட்டை அணைத்துச் சோதித்துப் பாருங்கள். பலர் இதைச் செய்யாமலே கரைக்கு வருகிறார்கள்.

விழுந்ததை எடுக்க நீந்தி இறங்கவே கூடாது. சேறு காலைப் பிடிக்கும், வாவியில் முதலையும் உண்டு. தூண்டில் தடியில் நுனிக்கு ஒரு ரெனிஸ் பந்தைக் கட்டி, விமானத்துக்கு அப்பால் வீசி, நூலைச் சிறகில் சிக்கவைத்து இழுக்கலாம். அதற்கும் எட்டாவிட்டால் தோணிக்காரரைக் கேட்கவேண்டும். எனக்கு எடுத்துத் தந்த முதியவர் சிறகைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மறுகா, இதுக்குள்ள கமரா கிமரா இல்லையே, மனே?” “இல்ல மாமா” என்றதும்தான் கையில் தந்தார்.

அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளமுடியாது. தலைக்கு மேலே ஆளில்லாமல் சுற்றுவது எது, எதற்குச் சுற்றுகிறது என்று போர்க்காலத்தில் வருடக்கணக்காகப் பார்த்த சனம் இது. வேவு விமானத்தின் இரைச்சலை மறக்காத காதுக்கு இந்தச் சின்ன மோட்டரின் சத்தமும் அதைத்தான் நினைவூட்டும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்கு இலக்கான இடங்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் ஒன்று. அடுத்த சில நாட்களில், ஏப்ரல் 25 அன்று, நாடு முழுவதும் டிரோன் பறப்பதைத் தடைசெய்தார்கள். பிறகு தடை தளர்ந்தது, நிபந்தனை இருக்கிறது. இவற்றை ஒழுங்குபடுத்துவது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் தேவைப்படும். வெளிநாட்டிலிருந்து ரேடியோக் கருவி எடுப்பிப்பதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் நடுவில் வரும். நான்கு புரொப்பெல்லர் உள்ள டிரோனா, சிறகு உள்ள நுரை விமானமா என்று தூரத்தில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. விமானத்தில் கமரா மாட்டி, அது காட்டும் படத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பறக்கும் மாற்றத்தை நான் செய்யவில்லை, யாருக்கும் சொல்லவும் மாட்டேன். இந்த வடிவத்தின் மூக்கு அதற்கென்றே செய்தது போல வெறுமையாக இருக்கிறது என்பது உண்மைதான்.

நகரத்தில் இன்னொரு தடை, அதுதான் பெரியது. திமிலதீவில் விமான நிலையம் இருக்கிறது. விமானப்படைத் தளமாக இருந்து, 2018 முதல் உள்நாட்டுப் பயணிகள் விமானங்களுக்கும் திறந்தது. புளியந்தீவு, கல்லடிப் பாலம், கோட்டைப் பக்கம் எல்லாம் அதன் சுற்றுவட்டம். கல்லடிப் பாலத்துக்கு அருகே மாலையில் வீசும் காற்றைப் பார்த்தால் கை துருதுருக்கும். அங்கே பறக்கவிடவே கூடாது. வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம் கிடக்கிறது, தெற்கே போங்கள். பட்டிருப்புக்கு அப்பால் போரதீவுப் பக்கத்து வயல்வெளிகள், கொக்கட்டிச்சோலைக்குத் தெற்கே மின்கம்பி இல்லாத வட்டைகள் போதும் போதும் என்னுமளவுக்கு அகலம். வயற்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். சிறுவர்கள் ஓடிவருவார்கள், புரொப்பெல்லர் நிற்கும்வரை அவர்களை விலக்கி வைப்பது உங்கள் பொறுப்பு.

கண்ணுக்குத் தெரிவது பற்றி இரண்டு வரி. வெள்ளை விமானம் வாவியின் வெள்ளை வானத்தில் இருநூறு மீற்றரில் கரைந்துவிடும். மேற்புறத்தில் செம்மஞ்சள், அடியில் கறுப்புப் பட்டை ஒட்டுங்கள். நிறத்தைவிட மேலும் கீழும் வேறுபட்டிருப்பதே முக்கியம். விமானம் மல்லாந்து பறக்கிறதா என்று தெரியவேண்டும்.

பொழுதுபோக்கு என்று இதைத் தாழ்வாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. நடிகர் அஜித் குமாரின் மாதிரி விமானப் பித்து ஊரறிந்தது. 2018இல் அவர் ஆலோசகராக இருந்த சென்னை எம்ஐடி மாணவர்களின் தக்‌ஷா அணி, அவுஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. மருந்துப் பொருளை மனிதரில்லாமல் கொண்டுசேர்க்கும் போட்டி அது. எடை மையம், தள்ளுவிசைக் கோடு, காற்றின் வேகம் என்று இந்த நுரைத் துண்டு சொல்லித்தரும் பாடம்தான் அங்கும் அடிப்படை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கு ஒருநாள் போகப்போகும் பிள்ளை அதைப் பத்தாம் வகுப்பிலேயே கையால் தொட்டுப் பார்க்கலாம்.

விலையைச் சொல்லவேண்டும். விமானம், ரிமோட், இரண்டு பற்றரி, நல்ல சார்ஜர் என்று சேர்த்தால் 200 டொலரைத் தாண்டும். பற்றரியை விமானத்தபாலில் அனுப்பப் பல விற்பனையாளர்கள் மறுப்பார்கள், உள்ளூரில் தேடவேண்டியிருக்கும். சார்ஜரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கலங்களைச் சமப்படுத்திச் சார்ஜ் செய்யாத மலிவுச் சார்ஜர் வீட்டை எரிக்கும்.

தீர்ப்பு: படுவான்கரையிலோ தெற்கு வாவிக்கரையிலோ இருப்பவருக்கு, முதுகில் மோட்டர் உள்ள 1.4, 1.5 மீற்றர் நுரை விமானம் முதல் விமானமாக வாங்கத்தக்கது. வாஷர் வேலை, நெய்ல் பொலிஷ், நிறப் பட்டை ஆகிய மூன்றையும் முதல் பறப்புக்கு முன்பே செய்யுங்கள். தெப்பம் இரண்டாம் வருடத்துக்கு. பெரிய மோட்டரும் கமராவும் வேண்டாம். நகரத்துக்குள் மட்டும் பறக்கவிட இடமுள்ளவர் இதை வாங்கவேண்டாம், அந்தப் பணத்துக்குக் கணினியில் பழகும் ஒரு சிமுலேற்றரை எடுங்கள். யாராக இருந்தாலும், பெட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே அனுமதிக் கடிதங்களுக்கு எழுதிப் போட்டுவிடுங்கள்.